இரட்டைத் தலைப் பனையும் மஞ்சள் துண்டும்

திருச்செந்தூர்ப் பக்கம் தேரி என்று ஒரு காடு. மரம் கொஞ்சம், சிவப்பு மணல்தான் எல்லாம். உள்ளே பாதை கிடையாது. பாதை இல்லாத இடத்தில் நடந்தே தீருவேன் என்று வெளியூர்களிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். வீட்டில் சும்மா இருக்க முடியாதவர்கள். அவர்களை அழைத்துப் போகிறவள் முத்துக்கனி. பதினோரு வருஷத்தில் ஒருவரைக்கூட அவள் தொலைத்ததில்லை. இந்தக் கதையில் தொலைக்கிறாள். தேடித் தர வேண்டியது நீங்கள்.

ஆடி மாதம், மேற்கிலிருந்து மேல்காற்று வீசும் காலம். நாகர்கோவிலிலிருந்து மூன்று பேர் வந்திருந்தார்கள்: தேவசகாயம், அவர் மனைவி ஜெயசீலி, தம்பி ஆபிரகாம். இரண்டு மணி நேரம் நடந்தபின் ஒரு மேட்டிலிருந்து சறுக்கி விழுந்த தேவசகாயத்துக்குக் கால் முறிந்துவிட்டது. செல்போனில் சிக்னல் இல்லை.

அவர் விழுந்த இடம் ஒரு நீளமான பள்ளம். மேற்கே செங்குத்தாக நிற்கும் மணல்மேடு. கிழக்கே அடுத்த மேடு மெல்லச் சாய்ந்து ஏறியது. நடுவில் பாதி புதைந்த இரட்டைத் தலைப் பனை. அதன் ஓலை கைக்கு எட்டும். மேற்கு மேட்டின் அடியில் காற்று அடிக்காது. அழைத்து வருகிறவர்களை முத்துக்கனி எப்போதும் அங்கேதான் கால் மணி நேரம் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுப்பாள். தேவசகாயத்தையும் அங்கேயே படுக்கவைத்தாள். ஜெயசீலியிடம் மூன்று பாட்டில் தண்ணீரைக் கொடுத்தாள். தூரத்திலிருந்து தெரியட்டும் என்று தன் தலையில் கட்டியிருந்த மஞ்சள் துண்டைப் பனையின் உச்சி மட்டையில் இரண்டு முடிச்சுப் போட்டு இறுக்கினாள்.

பிறகு கையை நீட்டினாள். “அக்கா, கையில அடிச்சுச் சொல்லுங்க. நான் திரும்பி வாற வரைக்கும் இந்தத் துண்ட விட்டு நகரக்கூடாது.”

“நகர மாட்டேன்” என்று ஜெயசீலி ஓங்கி அடித்தாள். எட்டு மணி மாத்திரையை எட்டு ஐந்துக்குக் கொடுக்காத பெண்மணி அவள். சொன்ன சொல் என்றால் சொன்ன சொல்தான்.

அப்போது மணி பத்து. கட்டில் தூக்க ஆள் வேண்டுமென்று ஆபிரகாமைக் கூட்டிக்கொண்டு முத்துக்கனி ஊருக்கு ஓடினாள். டிராக்டர் ஓட்டும் பொன்பாண்டி, ஒரு கயிற்றுக் கட்டில், இரண்டு மண்வெட்டி, இவற்றோடு அவர்கள் திரும்பியபோது மணி மூன்று. காற்று பேயாட்டம் ஆடியது. பத்தடிக்கு அப்பால் சிவப்புப் புழுதி.

அதே இரட்டைத் தலைப் பனை. பள்ளத்தைத்தான் காணவில்லை. மேற்கு மேடு சரிந்து, அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிவரை ஆள் உயரத்துக்கு நிரவிவிட்டது. கீழ் ஓலைகள் மணலுக்குள். உச்சி மட்டை மட்டும் முழுசாக வெளியே நின்றது. அதில் துண்டு இல்லை. முடிச்சும் இல்லை, ஒரு நூல்கூட இல்லை. காலடித் தடத்தைக் காற்று அழித்திருந்தது. கத்திப் பார்த்தார்கள். யாரும் குரல் கொடுக்கவில்லை.

ஆபிரகாம் முழங்காலில் விழுந்து வெறுங்கையால் மணலை அள்ளினான். “மதினி சத்தியம் பண்ணியிருக்காங்க. கழுத்த அறுத்தாலும் நகர மாட்டாங்க. ரெண்டு பேரும் இதுக்கு அடியிலதான் இருக்காங்க. தோண்டுங்க!”

பொன்பாண்டி அவன் தோளைப் பிடித்து இழுத்தான். “மண்ணு சரியும்போது சத்தியத்த எவன் பாப்பான்? எங்கயாவது ஒதுங்கியிருப்பாவ. வாரும், தேடுவோம்.”

முத்துக்கனியால் அசைய முடியவில்லை. தேடப் போய், அவர்கள் அடியில் இருந்தால், மூச்சு முட்டிச் சாவார்கள். தோண்டிக்கொண்டிருந்து, அவர்கள் வேறெங்கோ கிடந்தால், வெயிலில் நா வறண்டு சாவார்கள். இரண்டையும் செய்ய ஆளும் இல்லை, நேரமும் இல்லை. நகராதே என்று சொன்னதும் அவள் வாய்தான்.

சொல்லுங்கள். தோண்டுவதா, தேடுவதா? ஆபிரகாம், பொன்பாண்டி, இருவரில் யார் சொன்னது சரி? தேடுவதென்றால் எந்தத் திசையில்?

விடை: முத்துக்கனி அந்த மட்டையைத் தடவிப் பார்த்தாள். காற்று துண்டைப் பிய்த்திருந்தால் முடிச்சாவது மிஞ்சியிருக்கும். ஆக, அவிழ்த்தது ஒரு கை. மண்ணில் புதைகிறவர்களுக்கு முடிச்சு அவிழ்க்க நேரம் ஏது? கால் முறிந்தவரைச் செங்குத்து மேட்டில் ஏற்ற முடியாது; பள்ளத்தின் நீளவாக்கில் போயிருந்தாலும் சரிந்த மணல் விட்டிருக்காது. இழுத்துப் போக முடிந்த ஒரே பக்கம் கிழக்குச் சாய்வு. அங்கே முந்நூறு அடி தள்ளி, கணவரின் தலையை மடியில் வைத்து ஜெயசீலி உட்கார்ந்திருந்தாள். இருவருக்கும் உயிர் இருந்தது. ஆட்களைக் கண்டதும் அவள் தண்ணீர் கேட்கவில்லை, கையைத்தான் தூக்கிக் காட்டினாள். மணிக்கட்டில் மஞ்சள் துண்டு. “துண்ட விட்டு நான் நகரல, பாத்துக்கோ முத்துக்கனி.” மதினி சொல் தவற மாட்டாள் என்ற ஆபிரகாமும் சரி, ஒதுங்கியிருப்பார்கள் என்ற பொன்பாண்டியும் சரி. தவறியவள் முத்துக்கனி ஒருத்திதான். கால் மணி நேரம் உட்கார்ந்து பழகிய இடத்தில், ஐந்து மணி நேரம் உட்காரச் சொல்லிவிட்டாள். அவள் மணலில் அப்படியே உட்கார்ந்து அழுதாள்.