வாசல் பக்கம்

"ஷேக், என் மனைவி நாலு நாளாச் சாப்பிடலை. ஓதுறதுக்கு ஏதாவது துஆ சொல்லித் தாங்க" என்றார் யதுல்லா.

"ரொட்டி இருக்கா?" என்று கேட்டார் அவருடைய குரு ஷேக் சிராஜ்.

"நிவாரண வண்டியில தர்றாங்க. கொண்டுபோனா முகத்தைத் திருப்பிக்கிறா."

ஈரானில், அந்த மலையடிவாரத்து ஊரில் பூமி குலுங்கி நாலு நாள் ஆகியிருந்தது. நிற்கிற சுவர் என்று ஒன்றுகூட இல்லை.

யதுல்லாவின் மனைவி தூபா, வருகிறவருக்கெல்லாம் சோறு போட்டே பேர் வாங்கியவள். இடிந்த வீட்டு மண்மேட்டில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவே இல்லை. "கையேந்தித் தின்ன மாட்டேன். என் வீட்டுல உட்கார்ந்துதான் சாப்பிடுவேன்" என்றாள். அதோடு பேச்சும் நின்றுபோயிற்று.

வீம்பு என்றது ஊர். வீம்பாவது ஒன்றாவது! மனசு விட்டுப்போனவளுக்கு வீம்பு எங்கிருந்து வரும்?

"வீட்டிலேருந்து என்ன கிடைச்சது?" என்றார் ஷேக்.

"ஒரு சுப்ரா. வேற எதுவும் இல்லை."

தரையில் விரித்து, சுற்றி உட்கார்ந்து சாப்பிடும் துணி அது.

ஷேக் மண்மேட்டுக்கு வந்தார். கல்லைப் பொறுக்கிப் போட்டார். மண்ணை நிரவினார். சுப்ராவை உதறி விரித்து, நடுவில் ரொட்டியும் கொஞ்சம் உப்பும் ஒரு குவளைத் தண்ணீரும் வைத்தார்.

பிறகு போட்ட செருப்போடு அதை மிதிக்கக் காலைத் தூக்கினார்.

யதுல்லாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த நாட்டில் சின்னக் குழந்தைகூட சுப்ராவை மிதிக்காது.

"ஐயோ! செருப்பு! ரொட்டி இருக்கிற இடம்!"

கத்தியது தூபா.

ஷேக் காலை இழுத்துக்கொண்டார். "தப்புதாம்மா" என்று செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். நின்ற இடத்திலேயே உட்காரப் போனார்.

"அங்க இல்ல, ஷேக். அது வாசல் பக்கம். விருந்தாளியை வாசல்ல உட்கார வெப்பாங்களா? மேல போங்க."

அவள் கை காட்டிய இடத்தில் வாசலும் இல்லை, கதவும் இல்லை.

ஷேக் எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்தார். தூபா தட்டுத்தடுமாறி எழுந்து வந்து, வீட்டுக்காரி உட்கார வேண்டிய வாசல் பக்கம் உட்கார்ந்தாள். ரொட்டியைப் பிய்த்து அவர் முன்னால் வைத்தாள்.

ஷேக் தொடவில்லை.

"வீட்டுக்காரங்க கை வைக்காம நான் எப்படி?"

தூபா ஒரு துண்டை உப்பில் தொட்டாள். வாயில் வைத்தாள். மென்றாள்.

யதுல்லா நின்ற இடத்திலேயே நின்று அழுதார்.

அவள் திரும்பிப் பார்த்தாள்.

"என்ன, வெளியவே நிக்கிறீங்க? செருப்பைக் கழற்றிட்டு உள்ள வாங்க."