வெள்ளோட்டம் விடாத தேர்

ராஜாக்களுக்குத் திடீர் திடீரென்று ஞானோதயம் வந்துகொண்டிருந்த அந்தக் காலத்தில், ஒரு நாட்டு ராஜாவுக்குப் புதுமை மேல் ஆசை வந்தது. "யார் எதைப் புதிதாகச் செய்தாலும் கஜானா செலவைத் தாங்கும்!" என்றார். சபை கைதட்டியது. அரண்மனை விகடகவி வேம்பன் மட்டும் உண்மையாகவே சந்தோஷப்பட்டான். ஆற்றோட்டத்திலேயே சுழன்று மேட்டு நிலத்துக்கு நீரேற்றும் சக்கரம் ஒன்றைச் செய்ய, அவன் நண்பன் தச்சன் செங்கோடன் வழியில்லாமல் தவித்துக்கொண்டிருந்தான். அவனைச் சபைக்கு அழைத்து வந்ததே வேம்பன்தான்.

வேம்பன் மேல் வயிற்றெரிச்சல் கொண்ட பிரதானி விடங்கராயர் அங்கேதான் கொக்கி போட்டார். "மக்கள் பணம், பிரபு! கஜானா செலவில் செய்தது முதல் ஓட்டத்திலேயே ஓட வேண்டும். சோதனை என்று விரயம் கூடாது. பழுதானால் செய்தவன் கையை வெட்ட வேண்டும்." ராஜா தலையாட்டினார். தலையாட்ட என்ன செலவு!

"ஒருக்கா ஆத்துல விட்டுப் பாத்துக்கறேன் சாமி" என்று செங்கோடன் கெஞ்சியது எடுபடவில்லை. சபையே ஆற்றங்கரையில் கூடியிருக்க, சக்கரம் சுழன்றது, தண்ணீர் மேடேறியது. கொஞ்ச நேரத்தில் அச்சு முறிந்தது. ஏறிய தண்ணீரை யாரும் பார்க்கவில்லை, பாவிகள்! செங்கோடனைச் சிறையில் தள்ளினார்கள். ராஜாவின் பிறந்தநாள் பவனி முடிந்ததும் கை போய்விடும்.

வேம்பனுக்குச் சோறு இறங்கவில்லை. பவனிக்காகக் கஜானா செலவில் புதுத் தேர் ஒன்று தயாராகியிருந்தது. புதுத் தேரென்றால் ராஜாவின் எடைக்கு மணல் மூட்டை ஏற்றி, கோட்டைச் சரிவில் வெள்ளோட்டம் விடுவது அந்த நாட்டு வழக்கம். வேம்பன் தேர்க்கொட்டிலுக்குப் போனான். "சட்டம் தெரியாதா? சோதனை கூடாது" என்று மிரட்டி மூட்டைகளை இறக்கவைத்தான்.

பவனி நாளில் ராஜா தேர்ப்படியில் கால் வைத்தார். "வெள்ளோட்டம் நன்றாக நடந்ததா?"

"விடவே இல்லை, பிரபு. தங்கள் சட்டமாயிற்றே! முதல் ஓட்டமே தங்களோடுதான். பிரதானியாரும் பக்கத்தில் அமரட்டும்" என்றான் வேம்பன்.

ராஜாவின் கால் தானாகக் கீழே இறங்கியது. பிரதானிக்குத் திடீரென்று வயிற்றுவலி.

"மடையா! சரிவில் அச்சு முறிந்தால் என் கதி என்ன?"

"கவலை வேண்டாம், பிரபு. செய்தவன் கையை உடனே வெட்டிவிடலாம்."

ராஜா அவனையே முறைத்துப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். முத்துமாலையைக் கழற்றி அவன் கழுத்தில் போட்டார். "தச்சனை விடுங்கள். இனி சோதனைக்கும் கஜானா தாங்கும்!" முதலில் கைதட்டியவர் பிரதானி.

வேம்பன் மாலையோடு சிறைக்கு ஓடினான். "கை தப்பிச்சிருச்சுடா! மறுபடி சக்கரத்தைச் செய்யி. எத்தனை தடவை முறிஞ்சாலும் ராஜா குடுப்பாரு."

செங்கோடன் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "அச்சு ஏன் முறிஞ்சுதுன்னு எனக்குத் தெரியும் வேம்பா. முறியாமச் செய்யவும் தெரியும். வேணாம். இனிமே கட்டில் கால் கடைஞ்சு பொழைச்சுக்கறேன்."

கஜானாக் கதவு திறந்தே கிடந்தது. வேறு எவனும் அந்தப் பக்கம் தலைகாட்டவில்லை. மேட்டுத் தெருப் பெண்கள் எப்போதும்போலக் குடம் சுமந்து ஏறினார்கள்.

ஒருநாள் ராஜா சலித்துக்கொண்டார். "இவ்வளவு அள்ளிக் கொடுக்கிறேன் என்கிறேன், நம் நாட்டில் மூளையுள்ளவன் ஒருவன்கூட இல்லையா, வேம்பா?"

ராஜாவே விகடம் சொல்லிவிட்டாரென்று சபை விழுந்து விழுந்து சிரித்தது. ராஜாவும் சிரித்தார். வேம்பனுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.