பவளம் குளித்த தண்ணீர்

ஆனைமடுக் காட்டுச் சிங்கராஜா ஓர் ஆமையைச் செல்லமாக வளர்த்தது. ஆமையின் பெயர் பவளம்.

சும்மா சொல்லக்கூடாது, அவ்வளவு பாசம்! ராஜா தூங்கினால் பவளம் பக்கத்தில். ராஜா சாப்பிட்டால் பவளம் இலை ஓரத்தில். மந்திரிகள் எல்லாம் கால் கடுக்க நிற்பார்கள். பவளம் மட்டும் ராஜாவின் மடியில் உட்கார்ந்து கொட்டாவி விடும்.

பவளம் குளிப்பது அரண்மனைக் குகையின் கல்தொட்டியில். மொத்த அரண்மனைக்கும் குடிதண்ணீர் அதே தொட்டியில்தான். "இது என்ன கூத்து?" என்று யாராவது கேட்டிருக்கலாம். கேட்டால் வேலை போய்விடுமே! அதனால் மந்திரி நரி அந்தத் தண்ணீருக்கு ஒரு பெயர் வைத்தது. பவளத் தீர்த்தம்! விருந்துக்கு வருகிறவர்கள் முதலில் ஆமையின் ஓட்டில் ஒரு முத்தம் கொடுக்க வேண்டும். பிறகு ஆளுக்கு ஒரு கை தீர்த்தம் குடிக்க வேண்டும். அதற்கப்புறம்தான் பந்தி.

ஒரு நாள் ராஜாவின் ஒரே குட்டி முதன்முதலாகக் கர்ஜித்தது. பூனை இருமின மாதிரிதான் இருந்தது. இருந்தாலும் ராஜா வீட்டுப் பிள்ளை அல்லவா? காட்டுக்கே விருந்து!

சமையல்காரக் கரடி சுத்தத்தில் ரொம்பக் கறார். வெள்ளரிப்பிஞ்சைக் கழுவியது. தோல் சீவி மறுபடி கழுவியது. நறுக்கிய பிறகும் திருப்தி இல்லாமல் இன்னொரு தடவை கழுவியது. எல்லாம் அந்தத் தொட்டித் தண்ணீரில்!

தொட்டிக்குள்ளிருந்து பவளம் தலையை நீட்டியது.

"அண்ணே, இதுல கழுவாதீங்க! இப்பத்தான் இதுக்குள்ளேயே வெளிக்குப் போனேன்!"

"கத்தாதே தாயி!" என்று கரடி பதறியது. "ராஜா காதுல விழுந்தா, உன்னைக் குறை சொன்னதுக்கு என் தோலை உரிச்சிடுவாரு!"

"என்னை நான்தானே குறை சொல்றேன்?"

"அதுவும் குத்தம்தான்!" என்று சொல்லிவிட்டுக் கரடி வெள்ளரியை அள்ளிக்கொண்டு போய்விட்டது.

விருந்து பிரமாதம். எல்லாரும் முத்தம் கொடுத்தார்கள், தீர்த்தம் குடித்தார்கள், வெள்ளரியை வெளுத்து வாங்கினார்கள்.

மறுநாள் காட்டில் ஒரு புதர்கூடக் காலி இல்லை. யானை வயிற்றைப் பிடித்துக்கொண்டு மூங்கில் பக்கம் ஓடியது. "ஆள் இருக்கு!" என்று உள்ளேயிருந்து காட்டெருமை கத்தியது. ராஜாவுக்கும் அதே கதிதான். ஆனால் ராஜா புதருக்குப் போனால், "காட்டைச் சுற்றிப் பார்க்கப் போயிருக்கிறார்" என்றுதான் சொல்ல வேண்டும்.

பெரியவர்கள் எப்படியோ சமாளித்தார்கள். பாவம், குட்டிதான் துவண்டுபோனது. வயிற்றுப்போக்கு நிற்கவே இல்லை. உடம்பு அனலாய்க் கொதித்தது. ராணிச் சிங்கம் அதை நக்கி நக்கி அழுதது. பிள்ளை பிழைத்தால் போதும், ராணிக்கு வேறு எதுவும் வேண்டாம்.

ராஜா சபையைக் கூட்டியது.

"இது கண் திருஷ்டி, மகாராஜா!" என்றது நரி. "இல்லாவிட்டால் கரடி ஏதோ கலந்திருக்கிறது!"

"ஐயோ! நான் ஒண்ணுக்கு மூணு தடவை கழுவினேனே!" என்றது கரடி.

"பார்த்தீர்களா? மூன்று தடவை கலந்திருக்கிறது!"

ராஜாவின் மடியிலிருந்து பவளம் கத்தியது. "காரணம் நான்தான், மகாராஜா! என் வயித்துல ஒரு கிருமி இருக்கு. என்னை அது ஒண்ணும் பண்ணாது, உங்க வயித்துக்குப் போனா சும்மா விடாது. எங்க ஆமைக் கூட்டத்துக்கே தெரிஞ்ச விஷயம் இது! தொட்டியைக் கவுத்துடுங்க. என்னைத் தொட்டா கையைக் கழுவிட்டுச் சாப்பிடுங்க!"

சபை அப்படியே உருகிவிட்டது.

"ஆஹா! அடுத்தவன் பழியைத் தன் தலையில் போட்டுக்கொள்கிறதே! என்ன பெருந்தன்மை!" என்று நரி கண்ணைத் துடைத்துக்கொண்டது. ராஜா பவளத்தைத் தூக்கி மூக்கிலேயே முத்தம் கொடுத்தது. முத்தம் கொடுத்த வாயாலேயே தீர்ப்பும் சொன்னது.

"கரடியைக் காட்டை விட்டுத் துரத்துங்கள்!"

துரத்திவிட்டார்கள். புதுச் சமையல்காரன் நரியின் மச்சான். தற்செயல்தான், வேறொன்றும் இல்லை! குட்டிக்கு மருந்தும் நரியே சொன்னது. வேளைக்கு ஒரு கை பவளத் தீர்த்தம்.

குட்டியால் தலையைக்கூடத் தூக்க முடியவில்லை.

"கரடிதான் போயாச்சே! அப்புறம் ஏன் என் பிள்ளைக்கு நிக்கல?" என்று ராணி உறுமியது.

"கரடியின் வாடை இன்னும் போகவில்லை, மகாராணி!" என்று சொல்லிக்கொண்டே நரி புதரைப் பார்த்து ஓடியது.

அடுத்த வேளைத் தீர்த்தம் எடுக்க ராணியே தொட்டிக்குப் போனது. பவளம் குறுக்கே வந்து விழுந்தது.

"அம்மா, கும்பிட்டுக் கேக்கறேன், இதைக் கொடுக்காதீங்க! உங்க பிள்ளை செத்துப்போயிடும்!"

ராணி தொட்டிக்குள் எட்டிப் பார்த்தது. காடே குடித்ததுதான், ஒருத்தராவது எட்டிப் பார்த்தார்களா? அடியில் என்னென்ன கிடந்தது என்று நான் சொல்லப்போவதில்லை. நீங்கள் சாப்பிட வேண்டும். ராணி பவளத்தைப் பத்திரமாகத் தாமரைக் குளத்தில் விட்டது. திரும்பி வந்து ஒரே உதையில் தொட்டியைக் கவிழ்த்தது.

"ஐயோ, தீர்த்தம்! என் கௌரவம் என்ன ஆவது?" என்று ராஜா ஓடி வந்தது.

"பிள்ளை போன பிறகு கௌரவத்தை மடியில வச்சுக் கொஞ்சுங்க!" என்றது ராணி. "டேய் நரி, ஓடிப்போய்க் கரடியைக் கூட்டிக்கிட்டு வா!"

நரி போனது. வழியிலிருந்த ஒவ்வொரு புதரிலும் நின்று நின்றுதான் போனது.

கரடிக்குக் கோபம் இல்லாமல் இல்லை. ஆனால் குட்டியின் முகத்தைப் பார்த்ததும் போய் அடுப்பை மூட்டிவிட்டது. ஊற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைத்தது. அரிசிக் கஞ்சியில் உப்புப் போட்டு ஆற்றிக் கொடுத்தது. ராணி அதைச் சொட்டுச் சொட்டாகக் குட்டிக்குப் புகட்டியது. மெல்ல மெல்லக் காய்ச்சல் இறங்கியது.

ஒரு காலையில் குட்டி கண்ணைத் திறந்து, "அம்மா, பசிக்குது" என்றது.

ராணி குட்டியை வாரி அணைத்துக்கொண்டது. தாமரைக் குளத்தில் பவளத்தைக் கொஞ்சிக்கொண்டிருந்த ராஜா, செய்தி கேட்டு அழுதுகொண்டே ஓடி வந்தது. "என் கண்ணே! அப்பாதான் உனக்கு ஊட்டுவேன்!" என்று கஞ்சிக் கிண்ணத்தை எடுக்கப் போனது.

கரடி கிண்ணத்தைச் சட்டென்று பின்னால் இழுத்தது.

"மகாராஜா, முதல்ல கை!"

"யாரிடம் பேசுகிறாய்? நான் ராஜா!"

"அது கிருமிக்குத் தெரியாதுங்களே, மகாராஜா!"

ராஜா ராணியைப் பார்த்தது. ராணி நகத்தை நீட்டியது. காட்டுக்கே ராஜா ஊற்றங்கரையில் குந்தி உட்கார்ந்து, சாம்பல் போட்டு விரல் விரலாகத் தேய்த்தது.

"ஆஹா, என்ன கழுவல்! என்ன கழுவல்!" என்று பக்கத்தில் நின்று நரி பாராட்டியது.

செல்லத்தை எவ்வளவு வேண்டுமானாலும் கொஞ்சுங்கள், ஆனால் கொஞ்சிய கையைக் கழுவாமல் சோற்றைத் தொட்டுவிட்டு, வந்த நோய்க்குச் சமைத்தவன்மேல் பழி போடாதீர்கள்.