நிறுத்திய பின்னும் திறந்த பக்கம்

“எதை மாத்தினாலும் ஒண்ணுமே மாற மாட்டேங்குது தம்பி,” என்றாள் ஜெசிந்தா.

அவள் தம்பி என்று கூப்பிட்ட நவாஸுக்கு வயது இருபத்தாறு. திருச்சியில் அந்தச் சின்ன மென்பொருள் அலுவலகத்தில் எல்லோருக்கும் அவன் குரு. கிண்டலாக வைத்த பெயர்தான். கேட்ட கேள்விக்குப் பாதி நேரம் நேராகப் பதில் சொல்ல மாட்டான் என்பதால் ஒட்டிக்கொண்டது.

ஜெசிந்தாவுக்கு நாற்பத்திரண்டு. பிள்ளைகளை ஆளாக்கிவிட்டு, பன்னிரண்டு வருஷம் கழித்து மறுபடி வேலைக்கு வந்தவள்.

ஒரு கண் ஆஸ்பத்திரிக்கு டோக்கன் பதியும் பக்கம் செய்துகொண்டிருந்தார்கள். பெயருக்கு முன்னால் இனிஷியல் போட்டுப் புள்ளி வைத்தால், ‘பெயர் தவறு’ என்று பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். நம் ஊரில் இனிஷியல் இல்லாமல் யார் பெயர் எழுதுகிறார்கள்? அதைச் சரிசெய்வதுதான் அவளுக்குக் கொடுத்த வேலை. திங்கட்கிழமை தொடங்கினாள். இன்று வியாழன். நாலு மணிக்கு ஆஸ்பத்திரிக்காரர்கள் பார்க்க வருகிறார்கள்.

பதினேழு விதமாக எழுதிப் பார்த்துவிட்டதாகச் சொன்னாள். தன் மூளை மழுங்கிப்போய்விட்டதாகவும், சாப்பிட்டதும் மேனேஜரிடம் சொல்லிவிட்டு வேலையை விட்டு நின்றுவிடப் போவதாகவும் சொன்னாள். சொல்லும்போதே குரல் உடைந்தது. பாவம், மூன்று நாளாக யாரிடமும் வாய் திறக்காமல் தனக்குள்ளேயே வைத்துப் புழுங்கியிருக்கிறாள்.

குரு அவள் எழுதியதைப் பார்க்கவே இல்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

“உங்க சர்வரை நிறுத்துங்கக்கா.”

பக்கத்தை ஊருக்கு விடுவதற்கு முன்னால் தன் கணினியிலேயே ஓட்டிப் பார்க்கிற சர்வர் அது; அது ஓடினால்தான் பக்கம் திறக்கும். நிறுத்தினாள்.

“இப்ப பக்கத்தைத் திறங்க.”

“நிறுத்தினப்புறம் எப்படித் திறக்கும்?”

“திறந்து பாருங்க.”

திறந்தாள். பக்கம் பளிச்சென்று வந்து நின்றது.

மறுபடி திறந்தாள். மறுபடியும் வந்தது.

“பதில் சொல்றது யாருக்கா?”

ஜெசிந்தா கணினியில் என்னென்ன ஓடுகிறது என்று பட்டியல் போட்டுப் பார்த்தாள்.

திங்கட்கிழமை காலையில், கைவைத்து எதையாவது கெடுத்துவிடுவோமோ என்று பயந்து, முழுப் பக்கத்தையும் ஒரு நகல் எடுத்து வைத்திருந்தாள். ஒப்பிட்டுப் பார்க்க அதற்கும் ஒரு சர்வர் போட்டாள். நிறுத்த மறந்துவிட்டாள். ஒவ்வொரு சர்வருக்கும் வீட்டுக் கதவு எண் மாதிரி ஓர் எண் உண்டு. திருத்துகிற பக்கத்துக்குப் பிறகு போட்ட சர்வர், வழக்கமான எண்ணை நகல் பிடித்துக்கொண்டதால் சத்தமில்லாமல் அடுத்த எண்ணுக்குப் போய்விட்டது. அவளோ பழைய எண்ணையே திறந்துகொண்டிருந்தாள். மூன்று நாளும் திருத்தியது ஒன்றை, பார்த்தது அந்த நகலை.

நகலின் சர்வரை நிறுத்தினாள். பக்கம் வரவில்லை. தன்னுடையதை மட்டும் ஓட்டினாள்.

“பதினேழுல எதைப் போடட்டும் தம்பி?”

“முதல்ல எழுதினது எது?”

திங்கட்கிழமை பத்தரை மணிக்கு எழுதிய ஒற்றை வரி. தேடி எடுத்துப் போட்டாள். பெயர்ப் பெட்டியில் புள்ளி வைத்து ‘ஆ. ஜெசிந்தா’ என்று அடித்தாள்.

டோக்கன் வந்தது.

அதைப் பார்த்ததும் அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

“அப்ப இது திங்கக்கிழமையே சரியா இருந்துச்சா?”

குரு எழுந்து, நாற்காலியை அதன் இடத்தில் கொண்டுபோய்ப் போட்டான்.

“நகல்கிட்டயேதான் கேட்டீங்க. இதுகிட்ட நீங்க கேக்கவே இல்லையேக்கா.”