இடி ஏன் கடைக்கோடிக்குப் போனது

அந்தக் காலத்தில், இடியும் நத்தையும் மூஞ்சூறும் ஒரே பாஷை பேசிக்கொண்டிருந்தபோது, ஒரு மூஞ்சூறுக் குட்டிக்கு அநியாயம் நடந்தது. அதன் பெயர் பொட்டு. அது "அம்மா!" என்று கூப்பிட்டது. நாலு முழத் தொலைவில் நின்ற அம்மாவிடமிருந்து பதில் வரவில்லை.

அம்மாவுக்குப் பாசம் இல்லாமலா? அப்படிச் சொன்னால் நாக்கு அழுகிவிடும். குற்றம் காதுடையது. அப்போதெல்லாம் காது என்பது வெறும் குடம். எல்லா ஓசையும் அதற்குள் ஒரே குவியலாக விழும். கட்டைக்குரல் மேலே ஏறி உட்கார்ந்துகொள்ளும். கீச்சுக்குரல் அடியில் நசுங்கும். கேட்டால், பெரியவர்கள் பேசும்போது சின்னதுகளுக்கு என்ன பேச்சு என்பார்கள்.

மூஞ்சூறுக் குடும்பம் வெளியே கிளம்பினால் அம்மாவின் வாலடியை மூத்தது கவ்வும், மூத்ததை அடுத்தது கவ்வும், ஒரே சரமாகப் போவார்கள். பொட்டு கடைசி. அன்று சாயங்காலம் வரப்பில் போகும்போது இடி இடித்தது. பொட்டு பயந்துபோய் வாயைத் திறந்தது. பிடி விட்டுப்போயிற்று.

மழை கொட்டியது. வயலில் தண்ணீர் ஏற ஆரம்பித்தது. மற்ற பிள்ளைகளை ஒரு தென்னை மட்டையில் ஏற்றிவிட்டு, அம்மா வானத்தைப் பார்த்துக் கத்தினாள்.

"பெரியவரே, கொஞ்சம் வாயை மூடுங்கள்! என் பிள்ளை எங்கேயோ கூப்பிட்டுக்கொண்டிருப்பாள்."

"நான் வாயை மூடினால் மழை கோபித்துக்கொள்ளுமே. உன் பிள்ளையைக் கொஞ்சம் பலமாகக் கத்தச் சொல்லேன்," என்றது இடி.

அம்மாவுக்கு மூக்கு நுனிவரை சிவந்தது. "அவள் தொண்டை எள்ளளவு. இதற்குமேல் எங்கே போவாள்? கேட்கத் தெரியாத காதைக் கேட்க ஆளில்லை, கத்துகிற பிள்ளைக்குப் புத்தி சொல்ல வந்துவிட்டீர்கள்!"

சேம்பு இலைக்கடியில் இருந்த நத்தைக்கு, விஷயம் புரிய அந்த வாய் அசைவும் நடுங்கும் மீசையும் போதுமாக இருந்தன. அது மெல்ல வந்து, கடுகளவு ஓடு ஒன்றை அவள் முன்னால் வைத்தது.

"பிழைக்காமல் போன என் பிள்ளையின் வீடு. எனக்குக் காதே கிடையாதம்மா. அவன் கூப்பிட்டானோ என்னவோ. நீயாவது கேள். உள்ளே சுற்றிச் சுற்றி ஒரு சந்து போகும். ஓசைகளை வரிசையாக உட்கார வை."

அம்மா அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகு காதுக்குள் வைத்தாள்.

வாசலிலேயே தகராறு. "முன்வரிசை எனக்குத்தான்," என்று இடி நின்றது.

"யார் பெரியவர் என்பதா இங்கே பேச்சு? யாரால் எவ்வளவு தூரம் நடக்க முடியும் என்பதுதான் பேச்சு. நீங்கள் நிதானமாக அசைந்து அசைந்து போகிறவர், கடைசிச் சுற்றுவரை போய்விடுவீர்கள். கீச்சுக்குரல் படபடவென்று துடிக்கிற குரல். நாலு அடியில் மூச்சு வாங்கிவிடும். நீங்களே சொல்லுங்கள், வாசல் யாருக்கு?" என்று கேட்டாள் அம்மா.

இடி யோசித்தது. அதற்கும் எங்கோ ஒரு தாய் இருந்திருக்க வேண்டும். முனகிக்கொண்டே உள்ளே போனது. "பரவாயில்லையே, இங்கே காலை நீட்டிக்கூடப் படுக்கலாம்," என்று கோடியிலிருந்து குரல் வந்தது. தவளை நடுச்சுற்றில் உட்கார்ந்தது. சில்வண்டு வாசலை ஒட்டி. அங்கிருந்து மூளைக்குக் கிளம்பும்போது ஓசைகளின் வரிசை கலைந்துவிடாமல் இருக்க, "ஒருத்தர் வாலை ஒருத்தர் கவ்விக்கொள்ளுங்கள்," என்றாள் அம்மா. மூளையிலும் அதே வரிசையில் உட்கார்ந்தார்கள்.

நத்தை மட்டும் தயங்கியது. "வாசலில் இருப்பவர்களை, உள்ளே போகிற எல்லோரும் மிதித்துக்கொண்டுதான் போவார்கள். அந்த இடம் சீக்கிரம் தேய்ந்துவிடுமே, அம்மா."

"தேயட்டும். என் பிள்ளைகள் வளரும்வரை தாங்கினால் போதும்."

அன்று வைத்த வரிசைதான் இன்றும் நம் காதுக்குள் நத்தை ஓடாகச் சுருண்டிருக்கிறது: கீச்சுக்குரலுக்கு வாசல், கட்டைக்குரலுக்குக் கடைக்கோடி. வயதானால் முதலில் தேய்வதும் அந்த வாசல்தான். அதற்குள் பிள்ளைகள் வளர்ந்திருப்பார்கள்.

மறுபடியும் இடித்தது, முழுசாக. அதே நேரத்தில், வாசல் பக்கத்தில், நூலிழை மாதிரி ஒரு குரல்: "அம்மா!"

தண்ணீர் கழுத்தைத் தொட்டுக்கொண்டிருந்த பொட்டுவுக்கு அப்போதுதான் பதில் வந்தது.

"இங்கேதான்டி இருக்கேன், கண்ணு. வாலைப் பிடிச்சுக்கோ."