மேட்டுக்கு அப்பால் கேட்கக் கூடாத பந்தயம்

மருதவனத்துச் சுனையைச் சுற்றி ஆண்டுக்கு ஒருமுறை நுங்கு வண்டிப் பந்தயம் நடக்கும். நுங்கு தோண்டிய வெற்றுக் காய்கள் இரண்டும் சக்கரங்கள். அவற்றின் நடுவே ஓர் அச்சு. பின்னாலிருந்து தள்ளுவதற்குக் கவட்டைக் குச்சி ஒன்று. வண்டி என்பது இவ்வளவுதான். ஆனால் அது உருளத் தொடங்கிவிட்டால் முயலுக்குப் பசி மறந்து போகும். நரிக்குச் சூழ்ச்சி மறந்து போகும்!

சுனையின் கரை முழுவதும் யானை மறையும் உயரத்துக்கு நாணல் வளர்ந்திருந்தது. கிழக்கே புல்வெளியில் கூடுவோர், வண்டிகள் புறப்படுவதையும் வந்து சேர்வதையும் மட்டுமே காண்பார்கள். மேற்கே ஒரு மேடு. பந்தயத் தடம் அந்த மேட்டின் அடியை உரசிக்கொண்டு வளையும். மேட்டுக்கு அப்பால் உள்ள மூங்கில் சரிவில் வாழ்வோருக்கோ ஒரு சக்கரம்கூடக் கண்ணில் படாது. அவர்கள் எழுந்து வரவும் முடியாது. பந்தயம் நடப்பது கோடையில். அது குட்டிகள் பிறக்கும் காலம். வளையை விட்டு ஓர் அடி நகர்ந்தால் நாகம் உள்ளே புகுந்துவிடும்.

ஆகையால் மூங்கில் சரிவுக்குப் பந்தயம் என்றால் மையழகிதான்.

மையழகி ஒரு துடுப்புவால் கரிச்சான். அவளுடைய வாலின் முனையில் இரண்டு நீண்ட இறகுகள், இரண்டு சின்னத் துடுப்புகளைப் போல ஆடிக்கொண்டே இருக்கும். அந்த வாலில் அவளுக்குக் கர்வம் அதிகம். கேட்ட ஒலியை அப்படியே திருப்பிச் சொல்லும் தொண்டை அவளுக்கு. மேட்டு உச்சியில் நிற்கும் இலவமரத்தில் அமர்ந்து அவள் பந்தயத்தைச் சொன்னால், சக்கரத்தின் கடகடப்பும், முயலின் மூச்சிரைப்பும், நரியின் வசவும் சரிவுக்கே வந்து சேரும். கண்ணை மூடிக் கேட்பவர்கள், தங்கள் மேல் புழுதி படிந்ததோ என்று தட்டிவிட்டுக் கொள்வார்கள்!

இந்த ஆண்டு சரிவுக்கு ஒரு தனிப் பெருமை வந்திருந்தது. அவர்களுடைய கீரி, பொறியன், முதன்முறையாகப் பந்தயத்தில் இறங்கினான். முள்ளம்பன்றி தன் முதுகிலேயே தடித்த முள்ளைப் பிடுங்கி அச்சாகக் கொடுத்திருந்தது. தேனீக்கள் அச்சுக்குத் தடவ மெழுகு கொடுத்திருந்தன. ஒரு சரிவே கூடிச் செய்த வண்டி அது.

அந்த நேரத்தில்தான் பந்தயத் தலைவர் கடமான் கொம்பையா ஓர் அறிவிப்பு வெளியிட்டார்.

"கேளுங்கள்! இவ்வாண்டு முதல் பந்தயத்தைச் சொல்லும் உரிமை இருவாச்சி அலகப்பர் ஒருவருக்கே உண்டு. வெற்றி பெறுபவருக்கு ஒரு கூடை அத்திப்பழம் தருவதாக அவர் வாக்களித்திருக்கிறார். அவரைத் தவிர வேறு எந்த அலகும், எந்த வாயும், ஏழு சரிவுகளில் எங்கேயும் பந்தயத்தைச் சொல்லக் கூடாது. மீறினால் வால் இறகு பிடுங்கப்படும்!"

அலகப்பர் புல்வெளியின் மருதமரத்தில் அமர்ந்து சொல்வார். கேட்க வருவோர் ஆளுக்கோர் அத்திப்பழத்தை அடிமரத்தில் வைக்க வேண்டும். இதுவே ஏற்பாடு. அலகப்பருக்கும் ஒரு முடை இருந்தது. இருவாச்சிக் குல வழக்கப்படி அவருடைய மனைவி மரகதம், இலுப்பை மரப் பொந்துக்குள் புகுந்து, வாசலை மண்ணால் பூசிக்கொண்டு அடைகாத்துக் குஞ்சு பொரித்திருந்தாள். அலகு நீட்ட ஓர் இடுக்கு மட்டுமே வெளியே திறந்திருந்தது. அவளுக்கும் குஞ்சுகளுக்கும் பழம் கொண்டு போவது அவர் பொறுப்பு. அந்த இலுப்பை மரம் மூங்கில் சரிவில் இருந்தது என்பது மட்டும் உரிமை பேசிய வேளையில் அவருக்கு நினைவுக்கு வரவே இல்லை.

மையழகி நேரே மருதமரத்துக்குப் பறந்து வந்தாள்.

"அலகப்பரே, உமது குரல் மேட்டைத் தாண்டுமா?"

"தாண்டாது."

"அப்படியானால் எங்கள் சரிவுக்கு வந்து சொல்வீரா?"

"நான் ஒருவன், அம்மா! எனக்கென்ன இரண்டு உடம்பா? கேட்க வேண்டியவர்கள் இங்கே வரட்டும்."

"குட்டிகளை நாகத்திடம் விட்டுவிட்டா?"

"அது அவர்கள் பாடு."

"நீரும் சொல்ல மாட்டீர், சொல்லுகிற என்னையும் விட மாட்டீர். இதற்குப் பெயர் உரிமையா?"

"நீ சும்மா சொல்லிக் கொடுத்தால் எனக்கு எவன் பழம் வைப்பான்? போடி, போய் உன் வாலைக் கோதிக்கொண்டிரு!"

மரத்தடியில் நின்ற கொம்பையாவிடம் கீரி பொறியன் குறுக்கிட்டுக் கேட்டான். "தலைவரே, ஒரு சந்தேகம். வண்டியைத் தள்ளுகிறவன் நான். என் ஓட்டத்தை என் அம்மாவிடம் நானே போய்ச் சொல்லலாம் அல்லவா?"

கொம்பையா கொம்பைச் சொறிந்து யோசித்தார். "அடுத்த அமாவாசை கழிந்து சொல்லலாம்."

"அதுவரைக்கும்?"

"நலமாக இருக்கிறேன் என்று மட்டும் சொல்லு!"

பந்தய நாள் விடிந்தது. மையழகி வழக்கம்போல் இலவமரத்தில் அமர்ந்தாள். அவளைக் காவல் காக்க ஓர் அண்டங்காக்கை எதிர்க் கிளையில் வந்து உட்கார்ந்தது. கீழே கொம்பையா குளம்பால் தரையைத் தட்டினார். வண்டிகள் பாய்ந்தன!

ஒன்பது சுற்றில் முதல் சுற்று கழிந்தது. மையழகி வாய் திறக்கவில்லை. இரண்டாவது கழிந்தது. சரிவில் மூச்சுச் சத்தமும் இல்லை.

"மையழகி!" என்று பொறியனின் தாய் வளைவாசலிலிருந்து கூப்பிட்டாள். "என் பிள்ளை ஓடுகிறானா, விழுந்து கிடக்கிறானா? அதையாவது சொல்லேன், தாயே!"

மையழகி ஒரு முறை திரும்பித் தன் வாலைப் பார்த்தாள். துடுப்புகள் இரண்டும் காற்றில் அழகாக ஆடின. மறுமுறை வளைவாசலைப் பார்த்தாள்.

"ஓடுகிறான், அத்தை! மூன்றாவதாக ஓடுகிறான்! இதோ, மரநாயை முந்துகிறான்!"

"ஏய், நிறுத்து!" என்று காக்கை கத்தியது. "வாலில் ஆசை இல்லையா உனக்கு?"

"நிறைய இருக்கிறது! போய்ச் சொல்லிக்கொள்!"

காக்கை பறந்தது. மையழகியோ தொண்டையைத் திறந்துவிட்டாள். முள் அச்சு முனகும் ஓசை சரிவில் கேட்டது. "முள் தாங்குகிறது, முள் தாங்குகிறது!" என்று முள்ளம்பன்றி குதித்தது. ஐந்தாம் சுற்றில் வளைவு. பொறியனின் வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. ஒரு சக்கரம் தரையை விட்டு எழும்பியது...

அதற்குள் செய்தி அலகப்பரை எட்டிவிட்டது. கோபத்தில் அவர் என்ன செய்தார் தெரியுமா? பழம் வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்த கூட்டத்தை அப்படியே விட்டுவிட்டு, சொல்லிக்கொண்டிருந்த சொல்லைப் பாதியில் விழுங்கிவிட்டு, சிறகடித்துக் கிளம்பினார்! பிறரைச் சொல்லவிடாமல் தடுக்கப் போனவரால் புல்வெளியிலும் பந்தயம் ஊமையாயிற்று.

அவர் வந்த வேகத்தில் மையழகியின் இடப்பக்கத் துடுப்பைக் கவ்வி ஒரே இழுப்பாக இழுத்தார். இறகு வேரோடு பிய்ந்து, சுழன்று சுழன்று மேட்டின் அடியிலுள்ள தடத்தில் போய் விழுந்தது. மையழகி வலியில் கிளையை இறுகப் பற்றினாள்.

"இன்னும் ஒன்று இருக்கிறது. வாயை மூடுகிறாயா?"

"அதையும் பிடுங்கும்! வாலைக் கொண்டு நான் பந்தயம் சொல்லவில்லை!"

அப்போது இலுப்பை மரத்திலிருந்து ஒரு குரல் சீறியது.

"யாரது, கதையை நிறுத்தினது? ஒரு சக்கரம் எழும்பி நின்றதே, பிறகு என்ன ஆயிற்று?"

அலகப்பரின் அலகு திறந்தபடி நின்றது. "மரகதமா?"

"என்னங்க, நீங்களா? நீங்களா அந்தப் பெண்ணின் இறகைப் பிடுங்கினீர்கள்?"

"உனக்காகத்தானே எல்லாம்! நாலு பழம் கூடுதலாகக் கிடைக்கட்டும் என்று..."

"பழம்! விடியுமுன் வந்து இடுக்கில் பழத்தைத் திணித்துவிட்டுப் பறந்து போகிறீர்கள். இரண்டு மாதமாக இருட்டில் உட்கார்ந்திருக்கிறேனே, என்னோடு பேசுகிறவர் யார்? இவள் சொல்லுவதைத்தானே நானும் குஞ்சுகளும் கேட்டுக்கொண்டிருக்கிறோம்! பந்தயம் சொல்லும் உரிமை உங்களுக்கு என்றால், எனக்கு என்றைக்குச் சொன்னீர்கள்?"

"மரகதம், கொஞ்சம் மெதுவாக..."

"மெதுவாகவா? இவளை நிறுத்தினால் இந்த இடுக்கையும் உள்ளிருந்து பூசி மூடிவிடுவேன். உங்கள் அத்திப்பழத்தை நீங்களே தின்னுங்கள்!"

சரிவே சிரித்தது. மறுபக்கத்தில் புல்வெளியிலிருந்து கூச்சல் எழுந்தது. "அலகப்பரே! எங்கள் பழம் எங்கே? எங்கள் பந்தயம் எங்கே?" இரண்டு பக்கமும் திட்டு வாங்கிய அலகப்பருக்குத் திரும்பிப் பறப்பதைத் தவிர வேறு வழி தெரியவில்லை.

மையழகி யாருடைய அனுமதிக்கும் காத்திருக்கவில்லை. நிமிர்ந்து நின்றாள்.

"கேட்டுக்கொள்ளுங்கள்! சக்கரம் இறங்கிவிட்டது! வண்டி கவிழவில்லை! எட்டாம் சுற்று. முன்னால் நரி, அடுத்தது பொறியன். மேட்டடிக்கு வந்துவிட்டான்... அத்தை! என் இறகு தடத்தில் கிடக்கிறது. ஓடிக்கொண்டே குனிந்து எடுத்துவிட்டான்! கவட்டைக் குச்சியில் செருகிவிட்டான்!"

பொறியன் மேலே நிமிர்ந்து பார்த்தான். இலவமரத்தில் ஒற்றைத் துடுப்பு ஆடியது. "சொல்லக்கா, சொல்லு!" என்று கத்திவிட்டுக் கவட்டையை அழுத்தினான். ஒன்பதாம் சுற்றின் கடைசி வளைவில் நரியின் வண்டி அகலமாகத் திரும்பியது. உள்பக்கத்தில் கிடைத்த ஒரு முழ இடைவெளியில் முள் அச்சு வண்டி புகுந்தது. கறுப்பு இறகு கொடியைப் போலப் பறக்க, பொறியன் முதலில் வந்து சேர்ந்தான்!

பொறியனின் தாய் வளைவாசலை விட்டு அசையாமலேயே அழுதாள். பொந்துக்குள் குஞ்சுகள் கத்தின.

மாலையில் கொம்பையா நியாயம் பேச மேட்டுக்கு வந்தார். அலகப்பர் தலை குனிந்தபடி, "தலைவரே, புல்வெளி எனக்கு இருக்கட்டும். சரிவில் சொல்ல இவளுக்கு நான் அனுமதி கொடுக்கிறேன்" என்றார்.

"உம்முடைய அனுமதியை நான் கேட்கவில்லையே!" என்றாள் மையழகி. "உமது குரல் போகாத இடத்தை உமக்கு யார் கொடுத்தார்கள்? தலைவரே, உம்மிடமும் அது இருந்ததில்லை. இல்லாததை எப்படிக் கொடுத்தீர்?"

கொம்பையா இந்த முறை கொம்பைச் சொறியவில்லை. வந்த வழியே இறங்கிப் போனார்.

பொறியன் தான் வென்ற கூடையைச் சுமந்து வந்து இலுப்பை மரத்தடியில் இறக்கினான். "அத்தை, நீங்களும் எங்களோடு கேட்டவர்தானே" என்றான். பழங்கள் ஒவ்வொன்றாக இடுக்கின் வழியே உள்ளே போயின. அலகப்பர் எடுத்து எடுத்துக் கொடுத்தார்.

அதற்குப் பிறகு மையழகி ஒற்றைத் துடுப்போடு சற்றே சாய்ந்துதான் பறந்தாள். மறு கோடையில் அந்தச் சாய்ந்த நிழல் மேட்டைத் தாண்டுவதைக் கண்டதும், மூங்கில் சரிவு காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தது.

தன் குரல் சென்று சேராத இடத்தில் பிறர் வாயைக் கட்ட நினைப்பவன், முடிவில் தன் வீட்டாரின் காதையே அடைத்தவன் ஆவான்.