பிரபுவுக்குக் காட்டக் கூடாத முதுகு

லண்டன் பாராளுமன்றத்தில் பேசியே பேர் வாங்கிய பெல்டன் பிரபு, ஆற்காட்டில் பல்லக்கு ஏறினார். முன்னால் தூக்குகிறவர்களின் முதுகைக் கண்டதுமே முகம் சிவந்துபோச்சு.

"எங்க ராணிக்கு யாரும் முதுகு காட்ட மாட்டோம். இங்கே ராணியோட ஆள் நான். முதுகு காட்டுகிறவனுக்குச் சவுக்கடி."

பல்லக்கின் பக்கத்தில் சவுக்குக்காரர் ஒருவர் நின்றார். பல்லக்குத் தூக்கிகளின் தலைவன் கொளஞ்சி, "உத்தரவு துரையே" என்று முன்தண்டு தூக்குகிறவர்களைப் பிரபுவின் முகம் பார்க்கத் திருப்பி நிறுத்தினான்.

"ம், நடங்கடா."

முன்னால் இருந்த ஆட்களும் பின்னால் இருந்த ஆட்களும் எதிரெதிரே தள்ள, பல்லக்கு நின்ற இடத்திலேயே ஆடியது.

"முன்னால் நிற்பவன் பின்பக்கமாய் நடக்கட்டும்."

"நடக்கலாம் துரையே. கல் தடுக்கினா, எங்களுக்கு முன்னாடி நீங்க விழுவீங்க."

வெயில் ஏறியது. கலெக்டர் வீட்டு விருந்து ஆறிக்கொண்டிருந்தது. கடைசியில் பிரபு முணுமுணுத்தார்: "சரி, முதுகைக் காட்டுங்கள்."

கொளஞ்சி அசையவில்லை. "உரக்கச் சொல்லுங்க துரையே. சவுக்குக்காரருக்குக் காது மந்தம்."

தெருவே கேட்கப் பிரபு கத்தினார். பல்லக்கு பறந்தது.